பன்னிரண்டு ஓட்டு வீடு

கண்ணாடிக்காரருக்கு ஓட்டுப் போட்டதாகச் சொல்லிக்கொள்பவர்களை வரிசையில் நிறுத்தினால், அந்த வரிசை ரயில்வே கேட்டைத் தாண்டிப் பக்கத்துத் தொகுதிக்குள் போய்விடும். "உங்களுக்குத்தான் அண்ணே குத்தினேன்" என்று சொல்லாமல் அவர் கடையில் யாரும் மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்ததில்லை. அவர் நின்றது ஒரே ஒரு தேர்தல். அதுவும் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால். போன மாதம் ஒருத்தன் வந்தான். பவர் பார்த்துக்கொண்டே அவனும், "உங்களுக்குத்தான் சார் போட்டேன்" என்றான். கண்ணாடிக்காரர் சீட்டில் அவன் வயதை இருபத்திரண்டு என்று எழுதிவிட்டு, "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்றார்.

அவர் தோற்றது பதினோரு ஓட்டில்.

தொகுதியில் "உங்களுக்குத்தான் போட்டேன்" என்று அவரிடம் சொல்லாத ஆள் ஒருத்தர்தான். அவர் மனைவி.

கண்ணாடிக்காரம்மா என்றுதான் தெருவே கூப்பிடும். கடையில் முன்பக்கம் அவளுடையது, பின்கட்டு அவருடையது. பின்கட்டில் அவர் சாணைச் சக்கரத்தில் கண்ணாடி வில்லையைத் தேய்த்து வெட்டுவார். அதைச் சட்டத்துக்குள் பொருத்தி, அரிசிக் குருணையைவிடச் சின்ன திருகாணியை முறுக்கி, சூடான மணல் தட்டில் காதுப்பட்டையை நுழைத்து ஆளுக்கேற்றபடி வளைப்பது அவள். தொகுதியில் யாருக்கு இடது காது ஒரு நூல் மேலே, யாருக்கு மூக்குத்தண்டு கோணல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாக்காளர் பட்டியலைத் தயாரிப்பவர்களுக்குக்கூட இத்தனை பேரை இத்தனை கிட்டத்தில் தெரியாது.

தொகுதியின் சரித்திரம் ஒன்றும் பெரிய சரித்திரம் இல்லை. ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் நெரிசலான இடம். வரைபடத்தில் பார்த்தால் கிழிந்த சட்டைக்கை மாதிரி இருக்கும். முதல் உறுப்பினர் ஒரு வக்கீல். மூன்று முறை ஜெயித்தார். மூன்று முறையும் நன்றி சொல்ல வந்தபோது வழி கேட்டுக்கொண்டுதான் வந்தார். அடுத்தவர் பஸ் முதலாளி. தொகுதி முழுக்கத் தன் படம் போட்ட நிழற்குடைகளைக் கட்டினார். பஸ் விடவில்லை. மழைக்கு ஒதுங்க வசதியாக இருந்ததால் ஜனங்கள் இன்னொரு முறையும் அவரையே அனுப்பினார்கள். அப்புறம் வந்தவர் சிமெண்ட். சிமெண்ட் வியாபாரி என்பதால் அந்தப் பெயர். நாற்காலியில் இறுகிவிட்டால் கடப்பாரை போட்டாலும் பெயராதவர் என்பதாலும். நாற்பத்தாறு அடிக்கல் நாட்டினார். அதில் கட்டடமாக எழும்பியது ஒன்று. அதில் அவர் மகள் குடியிருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு தடவை ஒரு டாக்டரம்மா ஜெயித்தார். தினமும் அலுவலகத்தில் உட்கார்ந்து வந்தவர்களை எல்லாம் பார்த்தார். "எப்போ போனாலும் இருக்காங்களே, அப்போ அவங்களுக்கு மேலிடத்துல செல்வாக்கு இருக்காது" என்று முடிவுகட்டி, அடுத்த தேர்தலில் ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

சிமெண்ட் முதல்முறை நின்றபோது எதிர்த்து நின்றவர்தான் கண்ணாடிக்காரர். சுயேச்சை. சின்னம் ஏணி. ரயில்வே கேட்டில் ஒரு நடைமேம்பாலம் வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. கேட் விழுந்தால் அரைமணி நேரம் ஊரே இரண்டாகப் பிளந்து நிற்கும். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், "நானே நிக்கறேன்" என்று நின்றுவிட்டார்.

அவர் வீட்டில் அப்போது பன்னிரண்டு ஓட்டு. கண்ணாடிக்காரம்மாவின் மாமனார், மாமியார், ஒரு விதவை அத்தை, இரண்டு கொழுந்தன்மார், அவர்கள் மனைவிமார், மாடியில் குடியிருந்த அவளுடைய தம்பி, தம்பி பெண்டாட்டி, கூடவே தங்கியிருந்த கடை ஆள், அவள், கடைசியாக வேட்பாளர்.

ஓட்டுப்பதிவு அன்றைக்கு விடிந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் உட்காரவில்லை. தம்பிக்குச் சலவைக்கடை. துணி எடுக்கும் வேனில் துணியை இறக்கிவிட்டுக் கிழவர்களை ஏற்றினான். கொழுந்தன்மார் முட்டிவலிக்காரர்களைக் கைத்தாங்கலாக மாடியிலிருந்து இறக்கினார்கள். ஓரகத்திகள் டீ போட்டுப் போட்டு டீத்தூள் வாசனையாகவே ஆகிப்போனார்கள். கண்ணாடிக்காரம்மா சாவடித் தெருமுனையில் பட்டியலும் கையுமாக நின்று, வராதவர்களை ஆள்விட்டுக் கூப்பிட்டாள். நடுவில் இரண்டு தடவை, "நாம போட்டுட்டு வந்துடலாமா?" என்று கேட்டாள். மாமனார்தான், "நம்ம ஓட்டு எங்கே ஓடிப்போகுது? முதல்ல ஊரைக் கொண்டா. ஊரார் ஓட்டை ஊட்டி வளர்த்தா தன் ஓட்டு தானே விழும்" என்றார். நல்ல பழமொழியாகத்தான் பட்டது.

ஐந்து மணிக்குச் சாவடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். சலவை வேனில் பதினோரு பேரும் அடைந்துகொண்டு, முன் சீட்டில் மாமனார் கைத்தடியோடு, சாவடி வாசலுக்கு வந்தபோது மணி ஐந்து பத்து.

"ஐயா, நாங்க வேட்பாளர் வீட்டு ஆளுங்க" என்றார் மாமனார்.

"அப்படின்னா உங்களுக்கு நேரம் நல்லாவே தெரிஞ்சிருக்கணுமே பெரியவரே" என்றார் வாசல் காவலர். கதவு திறக்கவில்லை. உள்ளே அவர்கள் தரப்பு முகவராக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் மத்தியானமே தூங்கிப்போயிருந்தார்.

திரும்பும் வழியில் அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள். "விரலைக் காட்டுன்னு கேட்டா என்னடா பண்றது?" துணிகளுக்குக் குறிபோடும் சலவை மை வேனிலேயே இருந்தது. தம்பி ஒவ்வொருத்தர் ஆள்காட்டி விரலிலும் வைத்தான். பழக்கதோஷம், மாமனார் விரலில் வழக்கமாக அந்த வீட்டு வேட்டிகளுக்குப் போடும் குறியையே போட்டுவிட்டான். அதன்மேல் பூசி மறைக்க வேண்டியதாயிற்று.

"யாரும் மூச்சு விடக்கூடாது. அறுபதாயிரம் ஓட்டுல பதினொண்ணு என்ன பெரிசு?" என்றார் மாமனார்.

மறுநாள் முடிவு வந்தது. கதையில் வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். எண்ணிச் சொல்கிற அதிகாரிக்கு அந்தக் கவலை கிடையாது.

அன்று வாயை மூடிய மாமனார் அதற்கப்புறம் பழமொழியே சொல்லவில்லை. நாலு வருஷத்தில் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள், சிலர் மேலே, சிலர் வேறு ஊர்களுக்கு. விஷயம் தெரிந்தவர்களில் பக்கத்தில் மிஞ்சியது அவளும் தம்பியும் தம்பி பெண்டாட்டியும்தான்.

ஜெயித்தவர் சட்டசபைக்குப் போனார், தொகுதி தோற்றவரிடம் வந்து சேர்ந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, விதவைப் பணம் வரவில்லை, பள்ளிக்கூடச் சுவர் சாய்கிறது, எதுவானாலும் கண்ணாடிக்கடை. அவர் எழுதுவார், அனுப்புவார், பதில் வராவிட்டால் மறுபடி எழுதுவார். நடைமேம்பாலம்கூட ஒன்பது வருஷம் எழுதியே வந்தது. ரிப்பன் வெட்டியது சிமெண்ட். கூட்டத்தோடு கூட்டமாக நின்று கைதட்டிவிட்டு வந்து, "படி கொஞ்சம் செங்குத்தா போயிடுச்சு" என்றார் கண்ணாடிக்காரர், தான் கட்டின பாலம் மாதிரி.

அவர் ஒன்று சொல்வதுண்டு. யாராவது பழைய தேர்தலைக் கிளறினால், "ஊர் என்னைப் பதினோரு ஓட்டுல விட்டுடுச்சுப்பா. ஆனா என் வீட்டாளுங்க பதினோரு பேரும் விடலை. அது போதும் எனக்கு" என்பார். முன்பக்கத்தில் உட்கார்ந்து திருகாணி முறுக்கிக்கொண்டிருப்பவளின் கை அந்த நேரத்தில் வழுக்கும். தன்னைச் சேர்க்காமல் பதினொன்று என்கிறாரே, என்ன அடக்கம் என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பும் குத்தும்.

அவளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. பதினொன்றும் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சமம். சமம் வந்தால் திருவுளச்சீட்டு. சீட்டில் சிமெண்ட் பேர்தான் வந்திருக்கும், அவன் ஜாதகம் அப்படி. இந்தக் கணக்கைத் தலைவலி மாத்திரை மாதிரி அவ்வப்போது விழுங்கிக்கொள்வாள்.

ஆனால் ஏக்கம் கணக்குக்குக் கட்டுப்படுமா? அதற்கப்புறம் வந்த எல்லாத் தேர்தலிலும் வரிசையில் முதல் ஆள் அவள்தான். சீட்டைப் பிரித்து மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படிப்பாள். அவர் பெயர் இராது. இராது என்று தெரியும். தெரிந்துகொண்டே படிப்பாள். அப்புறம் யாருக்கோ ஒன்று குத்திவிட்டு வருவாள். புருஷனுக்கு அவள் எத்தனையோ செய்திருக்கிறாள். கேட்காமல் கொடுக்கக்கூடியதாக இருந்த அந்த ஒன்றைத்தான் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் ஒரு மத்தியானம் அவர் பேப்பரை மடித்துக்கொண்டே சொன்னார். "இந்தத் தேர்தலோட நம்ம தொகுதி காலி. மூணா வெட்டிப் பக்கத்துத் தொகுதிங்களோட ஒட்டப்போறாங்களாம். நம்ம தெரு கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆளுங்களோட."

"அப்போ இதுதான் கடைசியா?"

"ஆமா. சிமெண்ட்டுக்கும் வயசாச்சு, தொகுதிக்கும் வயசாச்சு."

அவள் திருகாணியைக் கீழே வைத்தாள். "நீங்க நில்லுங்க."

"நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன், எங்கே உட்கார விட்டே?"

"தேர்தல்ல நில்லுங்கன்னேன்."

அவர் சிரித்துக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. மறுநாளே தேர்தல் அலுவலகத்துக்குப் போய் மனுப் படிவம் வாங்கிவந்தாள். முன்மொழியப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். கிட்டப் பார்வை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கடையில் பொடி எழுத்து அட்டை ஒன்று உண்டு. அதை உள்ளே வைத்துவிட்டு, அதற்குப் பதில் படிவத்தை நீட்ட ஆரம்பித்தாள்.

"படிக்க முடியுதா பாருங்க."

"முடியுதும்மா. 'மேற்கண்ட வேட்பாளரை நான் முன்மொழிகிறேன்...' இதென்ன புதுசா இருக்கு?"

"அதுக்குக் கீழே கோடு தெரியுதா?"

"தெரியுது."

"அந்தக் கோட்டுமேல கையெழுத்துப் போடுங்க, கையும் கண்ணும் ஒத்துப்போகுதான்னு பார்ப்போம்."

நாலு நாளில் பத்தும் சேர்ந்துவிட்டது. ஒருத்தருக்குக் கையும் கண்ணும் ஒத்துப்போகவில்லை. அவரைச் சிமெண்ட் ஆள் என்று எழுதி ஒதுக்கினாள்.

தம்பியிடம் மட்டும் சொன்னாள். சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"நிக்கமாட்டேங்கறார்டா. உண்மையைச் சொல்லிடப்போறேன்."

"அக்கா, மாமாவுக்கு அறுபத்தெட்டு வயசு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெளுத்த துணியை எடுத்து மறுபடி ஊறப்போடாதே."

"கறை போகலையே."

"எந்தக் கறையும் நாளாக நாளாக மங்கிடும்க்கா. தொழில்காரன் சொல்றேன்."

"விரல்ல இருந்தது மூணே வாரத்துல போச்சு. உள்ளே இருக்கறதுக்கு உன் கடையில என்னடா மருந்து இருக்கு?"

அவன் ஒரு சட்டைக் கழுத்தையே இரண்டு தடவை தேய்த்தான்.

மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள், மத்தியானம் மூன்று மணிவரை. ஒன்றேமுக்காலுக்குக் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். சாணைச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"இதுல ஒரு கையெழுத்து."

"என்னது, வீட்டு வரியா?" நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு இன்னும் அந்தக் கிறுக்கு விடலையா? எனக்கு அந்த ஆசையெல்லாம் செத்து, எரிச்சு, சாம்பலும் கரைச்சாச்சு."

"செத்தது உங்க ஆசை. என்னுது சாகலை."

"சட்டசபைக்காரன் பெண்டாட்டியாகணுமா, இந்த வயசுல?"

"சட்டசபையை யார் கேட்டா? உங்க பேர்ல ஒரு குத்து குத்தணும். அவ்வளவுதான்."

"அதான் அன்னைக்கே குத்தினியே."

"குத்தலை."

சக்கரச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாள். இன்னொரு தடவை சொல்ல வாயெடுத்தபோது அவர் சக்கரத்தை நிறுத்தினார். தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேன், ஐந்து பத்து, காவலர், மை.

"யார் யார் போடலை?"

"எல்லாரும்தான்."

"எங்கப்பாவுமா?"

"முன் சீட்டுல அவர்தான் இருந்தார்."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். சட்டையில் துடைக்கிற வாடிக்கைக்காரர்களை முப்பது வருஷமாகத் திட்டுகிற மனுஷர். துடைத்தது போதாமல் இன்னும் துடைத்தார். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, விழப்போகிற சொல்லுக்காக நின்றாள்.

"நானும் போடலைடி" என்றார்.

"என்னது?"

"நானும் போடலை. கேட்டுக்கு அந்தப் பக்கம் சாவடிங்களைப் பார்த்துட்டு நாலரைக்குத் திரும்பினேன். கேட்டைப் போட்டுட்டான். சரக்கு ரயில். எத்தனை பெட்டின்னு இன்னைக்கும் சொல்வேன், ஐம்பத்தெட்டு. நடுவழியில நின்னு வேற போச்சு. நான் இந்தப் பக்கம் வந்தப்போ அஞ்சேகால்."

"மேம்பாலம் வேணும்னு நின்ன ஆளு..."

"மேம்பாலம் இல்லாம ஓட்டுப் போடலை. சொன்னா ஊர் சிரிக்காதா? உன்கிட்ட எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

"உங்க விரல்ல மை இல்லையே, நான் எப்படிப் பார்க்காம போனேன்?"

"நீங்கதான் பதினோரு பேரும் கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னீங்களே. நானும் பையிலிருந்து கையை எடுக்கலை. அன்னைக்கு இந்த வீட்டுல யார் கையை யார் பார்த்தாங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. விரல் விட்டு எண்ணினாள். "அப்போ பதினொண்ணு இல்லை. பன்னிரண்டு."

"ஆமா."

"பதினொண்ணு விழுந்திருந்தா சமம்தானேன்னு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன்."

"என் ஒரு ஓட்டு விழுந்து என்ன ஆகப்போகுது, எப்படியும் தோல்விதானேன்னு நான் தேத்திக்கிட்டேன்."

ஒரே கூரையின் கீழே தனித்தனியாக இருந்தவரை இரண்டு கணக்கும் சரியாகத்தான் இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு ஓட்டில் ஜெயம்.

அதற்கப்புறம் அங்கே நடந்ததைச் சண்டை என்றுதான் சொல்ல வேண்டும். "வேட்பாளருக்கே பொறுப்பில்லைன்னா!" என்றாள் அவள். "பட்டியல் கையில வெச்சிருந்தது யாரு, நீதானே? எங்க பேர் கண்ணுல படலையா?" என்றார் அவர். "எனக்கு அப்போ கண்ணாடி இல்லை!" "கண்ணாடிக்கடையில வாக்கப்பட்டு இது ஒரு பேச்சா?" சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த தம்பி, மாமா முகத்தையும் அக்கா முகத்தையும் பார்த்துவிட்டு, வந்த வேகத்தில் திரும்பிப்போனான். கத்தி ஓய்ந்தபோது இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. அவர் முகத்தில் ஏதோ ஒரு இறுக்கம் தளர்ந்திருந்தது. அதற்கு முன்னால் அது அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது.

"மணி என்ன?" என்றார்.

"ரெண்டு பத்து."

"ஜெயிக்கமாட்டேன், தெரியுமில்ல?"

"உங்களை யார் ஜெயிக்கச் சொன்னா?"

கையெழுத்துப் போட்டார். கேட் விழுந்திருந்தது. இரண்டு பேரும் செங்குத்துப் படியில் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, இரண்டு ஐம்பதுக்குத் தேர்தல் அலுவலரின் மேஜைமேல் படிவத்தை வைத்தார்கள். ஏணி வேறு யாருக்கோ போய்விட்டது. அவருக்கு வாளி கிடைத்தது. "தண்ணிப் பிரச்சினைக்குப் பொருத்தம்தான்" என்று தேற்றிக்கொண்டார்.

முடிவை இப்போதே சொல்லிவிடலாம், யாரும் படபடக்க வேண்டாம். நானூற்றுச் சொச்சம் ஓட்டு. "உங்களுக்குத்தான் அண்ணே" கூட்டத்தில் நூற்றில் ஒருத்தர்கூட வரவில்லை. சிமெண்ட் மறுபடி ஜெயித்து, தொகுதியின் கடைசி உறுப்பினர் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டார்.

ஓட்டுப்பதிவு அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு அதே பள்ளிக்கூடம். ஆண்கள் வரிசையில் அவர் முதல் ஆள், பெண்கள் வரிசையில் அவள். யாருக்காகவும் வேன் ஓடவில்லை. யாரையும் கூப்பிட ஆள் போகவில்லை. அவர் சட்டென்று போட்டுவிட்டு, மை காய ஊதிக்கொண்டே வெளியே போய்விட்டார்.

அவள் அட்டை மறைப்புக்குப் பின்னால் சீட்டைப் பிரித்தாள். வழக்கம்போல மேலிருந்து படித்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தின பெயர். பக்கத்தில் வாளி. அச்சு கொஞ்சம் மங்கல். இரண்டாவது எழுத்தில் மை தீற்றியிருந்தது. முத்திரையை எடுத்து மைத்திண்டில் ஒற்றினாள். கை பெயருக்கு நேராகப் போய், தாளைத் தொடாமல், ஒரு விரல்கடை உயரத்தில் நின்றது.

எத்தனை வருஷம் தேடிய பெயர். குத்தினால் மடிக்க வேண்டும். மடித்தால் பெட்டியில் போட வேண்டும். போட்டுவிட்டால் அந்தப் பெயரை இப்படி அச்சில் பார்ப்பது இதுவே கடைசி.

"அம்மா, ஆச்சா?" என்றார் அதிகாரி மேஜையிலிருந்து.

"இருங்க."

"ஏதாவது உதவி வேணுமாம்மா? எழுத்து தெரியலையா?"

"நல்லாத் தெரியுது."

வரிசையில் யாரோ செருமினார்கள். இன்னொருத்தர், "வேலைக்குப் போகணும்மா" என்றார். வெளியே ஜன்னலோரம் அவர் இருமுவது கேட்டது. காத்திருக்கிறார்.

"அம்மா..." என்றார் அதிகாரி மறுபடியும்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்று சொல்லிவிட்டு, அவள் அந்தப் பெயரை முதல் எழுத்திலிருந்து இன்னொரு தடவை படிக்க ஆரம்பித்தாள்.